திரைக்குப் பின்னால் பாடிய டிஸ்கோ

டிஸ்கோவைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். கல்யாண மண்டபங்களிலும் ஹோட்டல்களிலும் வாசிக்கிற, பாட்டுப் போடுகிற பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு அலுத்துவிட்டது. காலையில் விரல் மூட்டுகள் மடங்க மறுக்கின்றன. கரண்ட் வரும் நேரம் பார்த்துச் சோறு வைக்கிற ஊரில் இருந்துகொண்டு, ஜிகினாச் சட்டைகளின் காலத்தைக் குதூகலமாக எழுத என்னால் ஆகாது. எந்த மெஷின், எந்த ஸ்கேல் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தடுமாற்றம் என்று தெரியும். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு பர்மியத்தில் வாசித்துச் சொல்லுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. யாங்கோனில், போட்டாதாங் பகுதியில், படகுத்துறைக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் ஆர்கன் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வாசித்து வந்தேன். ஒரு கப்பல்காரர் வெளியூரிலிருந்து மின்சார ஆர்கன் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு மியூசிக் பாண்டுக்கு விற்றார். அதை வாசிக்க அங்கே ஆள் இல்லை. அப்படித்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

அந்த பாண்டின் தலைவரை நாங்கள் எல்லோரும் சயா, அதாவது வாத்தியார், என்றே கூப்பிட்டோம். அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். கிட்டாரில் அவர் ராக் வாசித்தால் யாங்கோனில் அவருக்கு ஈடு யாரும் கிடையாது. டிஸ்கோ அவருக்கு அடியோடு பிடிக்காது. தையல் மெஷின் சத்தம் என்பார். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் டிஸ்கோ கேட்டார்கள், அதனால் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசித்தார்.

ஏன் கேட்டார்கள் என்பதை ஆர்கனுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். டிஸ்கோவில் பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் தவறாமல் விழும். கால் எங்கே விழ வேண்டும் என்று ஆடத் தெரியாதவனுக்கும் அது சொல்லிக் கொடுக்கும். ராக் வாசித்தால் பையன்கள் முன்னால் வந்து நின்று சயாவின் விரல்களையே வெறித்துப் பார்ப்பார்கள். டிஸ்கோ வாசித்தால் எங்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூட்டை தூக்குகிறவர், டைப்பிஸ்ட் பெண், தட்டு எடுக்க வந்த சமையல்காரம்மா எல்லோரும் ஒரே தரையில் இருப்பார்கள். சயாவால் தாங்க முடியாமல் போனது இதைத்தான் என்று நினைக்கிறேன். வாசிக்கிறவனுக்கு மேடையில் கவனம் கிடைக்காமல் போவது பெரிய கசப்பு. உங்களுக்கும் ஒருநாள் அது வரும்.

எங்களுக்கு டிஸ்கோ பாடிக் கொடுத்தவன் மணி. எங்கள் சந்துக்காரன், என்னைவிட இளையவன். அவன் அப்பா படகுத்துறையில் மூட்டை தூக்கினார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் மணி கரகம் வைத்து ஆடினால் பர்மியர்களும் சீனர்களும்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவன் நடையில், கையசைப்பில் பெண்சாயல் இருக்கும். அதற்காகத் தெருவில் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். அவன் குரல் மட்டும் யாராலும் கேலி செய்ய முடியாத குரல். ஆங்கில டிஸ்கோ மெட்டுகளுக்கு பர்மிய வரிகளைப் போட்டு அவன் பாடினால், மெட்டு இங்கேயே பிறந்தது போல இருக்கும்.

கேசட்டுகள் கப்பல்காரர்கள் மூலம்தான் வரும். அவர்களில் ஒருவர் தமிழர். ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் இந்தச் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்று விளக்கினார். நியூயார்க்கில் கறுப்பர்களும், ஸ்பானிஷ் பேசுகிறவர்களும், ஆணோடு ஆண் ஆடுகிறவர்களும் வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாததால் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்ட இடங்களில் ஆடியது இது, பிறகுதான் ஊர் முழுக்கப் பரவியது என்றார். மணி டீயைக் கையில் வைத்தபடி குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப அங்கயும் என்ன மாதிரி ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்காங்க தம்பி. அவங்க ஆடுனதாலதான் இந்தப் பாட்டே வந்துச்சு."

மணி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வந்தான்.

அதே கப்பல்காரர் இன்னொரு முறை வந்தபோது வேறொரு சேதி கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஒரு விளையாட்டு மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்களாம், ராக் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கூத்தாடினார்களாம். பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் இருக்க வேண்டியதுதானே, எதற்கு வெடி என்று நான் கேட்டேன். அதற்குப் பதில் எனக்கு யாங்கோனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் கிடைத்தது.

அங்கே ஆற்றங்கரைச் சந்தையை ஒட்டி புத்தர் கோயில் திருவிழா. மூங்கிலும் பலகையும் கட்டிய மேடை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. முன்வரிசை முழுக்க நீள முடி வளர்த்த பையன்கள், சயாவின் கிட்டாருக்காக வந்தவர்கள். முதலில் ராக் வாசித்தோம், கொண்டாடினார்கள். பிறகு மணி வந்தான். தானே தைத்த பளபளச் சட்டை. பாட்டுத் தொடங்கியதும் ஓரத்தில் நின்ற சந்தைப் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு கரும்புச் சக்கை வந்து விழுந்தது. அப்புறம் ஒரு செருப்பு.

மணி என்ன செய்தான் தெரியுமா? பாடிக்கொண்டே அந்தச் செருப்பைக் காலால் தாளத்துக்குத் தட்டித் தட்டி மேடையின் ஓரத்துக்குக் கொண்டுபோய், கடைசி அடிக்குச் சரியாகக் கீழே தள்ளினான். கூட்டம் சிரித்தது. வீசியவர்களில்கூடச் சிலர் சிரித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால் அவர்களை அவன் தன் பக்கம் இழுத்திருப்பான் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த நேரத்தில் சயா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். டிரம்ஸ் நின்றது, கிட்டார் நின்றது. நான் நிறுத்தவில்லை. இடது கையால் பேஸ் வரியை வாசித்துக்கொண்டே இருந்தேன், அதைப் பிடித்துக்கொண்டு மணி பாடினான். சயா என்னிடம் வந்து ஆர்கனின் பிளக்கைப் பிடுங்கினார்.

பாட்டு நின்றதும் எல்லாம் மாறியது. அதுவரை சத்தத்தில் அமுங்கிக் கிடந்த வார்த்தைகள் வெளியே கேட்டன. ஒரு பையனும் தாளத்தைத் திட்டவில்லை, தையல் மெஷின் என்று சொல்லவில்லை. அவர்கள் கத்தியதெல்லாம் மணியின் நடையைப் பற்றி, இடுப்பைப் பற்றி, அவன் ஆணா பெண்ணா என்பதைப் பற்றி. பிறகு கல் வந்தது. மணியின் புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணில் வழிந்தது. அவனைப் பின்பக்கமாக இறக்கினேன். மீன் விற்கிற ஒரு பர்மியப் பெண் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். அவளோடு இருந்த பெண்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

சயாவைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இறங்கும்வரை மேடையின் முன்விளிம்பில் தனியாக நின்று வந்ததையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டவர் அவர்தான். ஆர்கனைத் தவிர எங்கள் கருவிகள் எல்லாம் வாடகைக்கு எடுத்தவை. அவை உடைந்தால் எல்லார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். அவர் அதைப் பார்த்தார், நான் மணியைப் பார்த்தேன். யார் சரி என்று இத்தனை வருடம் யோசித்தும் முடிவுக்கு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்வரை கூட்டம் பாட்டுக் கேட்க வந்த கூட்டமாகத்தான் இருக்கும். நீங்கள் நிறுத்தும் நொடியில் அது வேறொன்றாக மாறிவிடும். நிறுத்துவதற்குக் கை தூக்கும்போது அதைத் தெரிந்துகொண்டு தூக்குங்கள்.

எதிர்ப்பு அந்தப் பையன்களோடு முடியவில்லை. திருவிழாச் சேதி எங்கள் மாதா கோயிலுக்கும் போனது. பூசைக்கு வாசிக்கிற பெண் டிஸ்கோவும் வாசிக்கிறாள் என்று பங்குப் பெரியவர்கள் சாமியாரிடம் சொன்னார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்வார்களா என்று கேட்டார். சாயங்கால பஸ்ஸில் தொட்டுக்கொள்கிற அளவுகூட இல்லை சாமி என்றேன். சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வா, நான் சிரித்ததை மட்டும் பெரியவர்களிடம் சொல்லாதே என்றார். ஆனாலும் பாடற்குழுவில் இருந்த இரண்டு குடும்பங்கள் என் வாசிப்புக்குப் பாட மாட்டோம் என்று விலகிப் போனார்கள்.

இதற்கிடையில் சயா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மணி மேடைக்குப் பின்னால் திரைக்குள் நின்று பாடுவான். முன்னால் வேறொருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை அசைப்பான். அதற்குக் கோ துன் என்ற பர்மிய இளைஞனைக் கூட்டிவந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். உயரம், நல்ல முகவெட்டு, ஒரு வரி ஒழுங்காகப் பாட வராது.

நான் சயாவோடு சண்டை போட்டேன். மணிதான் என்னைச் சமாதானப்படுத்தினான். "விடுங்கக்கா. எனக்குப் பாடணும், அவ்வளவுதான். மூஞ்சி யாருக்கு வேணும்?" என்று சிரித்தான். புருவத்தில் தையல் போட்ட இடம் இன்னும் ஆறாமல் இருந்தது.

அந்த ஏற்பாடு நாங்கள் நினைத்ததைவிட நன்றாக ஓடியது. கோ துன் பிரபலமாகிவிட்டான். கேசட் வந்தது. அட்டையில் கோ துன்னின் படம், உள்ளே மணியின் குரல். தெருவில் பெண்கள் கோ துன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு வரி பாடுங்கள் என்பார்கள், அவன் தொண்டை சரியில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிடுவான். வரவர டீக்கடைக்கே போகாமல் இருந்தான். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாயசைத்து முடித்ததும் நேராகத் திரைக்குப் பின்னால் போய் மணிக்கு ஒரு கோப்பை டீ கொடுப்பான். மணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே அவனால் முடியவில்லை என்று எனக்குத் தோன்றும்.

திரைக்குப் பின்னால் காற்றே கிடையாது. மணி கைலியும் பனியனும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் விசிறி, ஒரு கையில் மைக்கோடு நின்று பாடுவான். பாட்டு வெளியே போகும், கைதட்டல் உள்ளே வரும். ஆடுகிறவர்களை மட்டும் அவனால் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் முடிந்த பிறகு என்னிடம் கேட்பான், இன்றைக்கு எப்படி ஆடினார்கள் அக்கா என்று. நான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துப்போனது. அவனுக்குச் சலிக்கவில்லை.

பிறகு போட்டாதாங்கில் ஒரு கல்யாணம். மதிய விருந்து. மணப்பெண் ரீத்தா எங்கள் சந்துப் பெண், சின்ன வயதில் மணியோடு கோலி விளையாடியவள். கேக் வெட்டி முடிந்து, கோ துன் முன்னால் வந்து வாயசைக்கத் தொடங்கினான். ரீத்தா மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கோ துன்னின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் குனிந்து கேட்டாள்.

"ஸ்டெல்லாக்கா, மணியண்ணன எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

என் இரண்டு கையும் வாசிப்பில் இருந்தன. முகவாயால் திரையைக் காட்டினேன்.

கோ துன்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் பார்த்ததையும் நான் காட்டியதையும் அவன் கவனித்தான். வாயசைப்பதை நிறுத்தினான். மைக்கை மெல்லக் கீழே இறக்கினான். பாட்டு மட்டும் அதன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் முதலில் சிலர் கவனித்தார்கள், பிறகு எல்லோருக்கும் புரிந்தது. சயா முகம் வெளுத்துப்போய்க் கையைத் தூக்கினார், நிறுத்து என்று. டிரம்ஸ்காரன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையசைத்து வேண்டாம் என்றேன். அவன் நிறுத்தவில்லை.

கோ துன் திரும்பி நடந்து போய்த் திரையை ஒரே இழுப்பில் இழுத்தான்.

மணி கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பட்டதும் கண்ணைத் திறந்தான். பனியன் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. விசிறியைக் கீழே போடக்கூட மறந்துவிட்டான். பாதி வரியில் இருந்தான், அதைப் பாடி முடிப்பதைத் தவிர அவனுக்கு வேறு என்ன செய்ய முடியும். முடித்தான். அடுத்த வரியையும் பாடினான். கோ துன் மேடையை விட்டு இறங்கி, வாசல் பக்கம் போகாமல், சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பெரியவர்கள் பலர் நாற்காலியை நகர்த்திவிட்டு வெளியே போனார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்று சயாவின் சட்டையைப் பிடித்தார். ரீத்தா மட்டும் வெள்ளை கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினாள். பிறகு மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். அவள் தோழிகள் வந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் ஆடினார்கள். மணி தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே பாடினான்.

முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சயா மணியிடம் வந்தார். கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். அடுத்த வாரம் வேறு ஊர்ப்பக்கம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அங்கே இந்தச் சேதி போயிருக்காது, பழையபடி திரைக்குப் பின்னால் பாடு என்றார். மணி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னான்.

"முன்னாடி வந்து பாத்துட்டேன்க்கா. இனிமே பின்னாடி போக முடியாது. சயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் சொன்னேன். சயா ஒரு வயரை எடுத்து மறுபடி முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

மழை தொடங்குவதற்குள் பாண்டு கலைந்துவிட்டது. நான் கோயில் ஆர்கனோடும் பியானோ வகுப்புகளோடும் நின்றுகொண்டேன். சயா பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்து, நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தார். கோ துன் பஸ்ஸுக்கே திரும்பிப் போனான், பிறகு மலேசியாவுக்குப் போனதாகக் கேள்வி. மணி நாட் பூஜைக் குழுக்களோடு சேர்ந்து பாடப் போனான். ஆவிகளுக்கு எடுக்கும் அந்தத் திருவிழாக்களில் அவனைப் போன்றவர்கள்தான் சாமியாடிகள், அங்கே யாரும் அவன் நடையைக் கேலி செய்வதில்லை. குரல் போன பிறகு யாங்கோன் புறநகரான ஷ்வேப்யிதாவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை பார்த்தான். இப்போது அங்கேயே ஒரு வாடகை அறையில் இருக்கிறான். சர்க்கரை வியாதியில் ஒரு கால் சரியாக ஊன்ற வராது.

காலையில் ஏரிக்கரைப் பக்கம் போனால், ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக உடற்பயிற்சி செய்கிறார்கள். அதே தாளம்தான். அன்று செருப்பு வீசிய பையன்களுக்கு இன்று என்ன வயது ஆகியிருக்குமோ, அந்த வயதுதான் அவர்களில் பலருக்கும். கையைத் தூக்குகிறார்கள், இடுப்பை ஆட்டுகிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, கால்தான் வலிக்கிறது. பக்கத்தில் பெஞ்சு தேடி உட்கார்ந்துவிடுகிறேன்.

நீங்கள் இப்போது கல்யாணங்களில் போடுகிறீர்களே, பழைய பர்மிய டிஸ்கோ என்று வேகத்தைக் கூட்டிச் செய்த அந்தப் பாட்டு, எங்கள் கேசட்டில் இருந்ததுதான். திரையில் கோ துன்னின் படத்தைக் காட்டுகிறீர்கள். தெரியாமல் செய்கிறீர்கள், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. போன வாரம் அதை என் போனில் ஏற்றிக்கொண்டு ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். அறையில் கரண்ட் இல்லை. மணி கட்டிலில் படுத்திருந்தான். காதருகே வைத்துப் போட்டுக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டான். "ரொம்ப வேகமா ஓட்டுறாங்க. பாடுறவன் மூச்சு விட வேணாமா?" என்றான்.

உன் பெயரைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"போட்டா ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லுங்க. திரைய இழுத்தவன் அவன்தான்."

பிறகு, கல்யாணங்களில் இந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்களா என்று கேட்டான். ஆடுகிறார்கள் என்றேன். யார் யார் என்றான்.

"எல்லாருந்தான்," என்றேன்.

மணி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். "பொய் சொல்ல உங்களுக்கு இன்னும் வரலக்கா."

அடுத்த கல்யாணத்தில் அந்தப் பாட்டைப் போடும்போது, ஆட ஆசை இருந்தும் எழுந்து வராமல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேடையிலிருந்து ஒருமுறை பாருங்கள். அவர்கள் எழுந்து வரும்வரை பாட்டை நிறுத்தாதீர்கள்.